மண்ணுக்குள் போன குவில்ட்டுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனில் சர்வதேசக் குவில்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. ராபர்ட் ஜேம்ஸ், ஆர்டிஸ் ஜேம்ஸ் தம்பதியர் 1997இல் தங்கள் சேகரிப்பை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததில் உருவானது அது. நூற்று எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் தைத்த குவில்ட்டுகளை அங்கே மங்கிய வெளிச்சத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கும். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது. மேற்கே குடியேறப் போனவர்களின் விசுவாசத்தை அந்தத் துணிகளில் தேடி வருகிறவர்களை நான் அங்கே அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் ஒன்றைச் சொல்லத் தோன்றும். இவை பெட்டிக்குள் பத்திரமாக இருந்தவை. விசேஷத்துக்கும் விருந்தாளிக்கும் மட்டும் வெளியே வந்தவை. தினமும் உழைத்த குவில்ட்டுகள் இங்கே இல்லை. அவை போர்த்திப் போர்த்தி நைந்தன. நைந்தவற்றை இன்னொரு குவில்ட்டின் நடுவில் பஞ்சுக்குப் பதிலாக வைத்துத் தைத்தார்கள். அதுவும் நைந்ததும் கதவிடுக்கில் காற்றுக்கு அடைத்தார்கள். இன்னும் சில, மேற்கே போகும் வழியில் பிளாட் ஆற்றங்கரை நெடுக, மனித உடலைச் சுற்றியபடி மண்ணுக்குள் போய்விட்டன. ஜெபத்தோடு தைத்தவை எவை என்று கேட்டால் நான் அந்தப் பக்கம்தான் கை காட்டுவேன்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகம், நடுவே பஞ்சு அல்லது ஆட்டுக் கம்பளி, கீழே முழுத்துணி. மூன்றும் நகராமல் இருக்க மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் ஓட்டுத் தையல். இன்று கடையில் வாங்கும் பஞ்சு, பாய் மாதிரிச் சுருட்டி வருகிறது. கையளவு இடைவெளி விட்டுத் தைத்தாலும் நிற்கும். வீட்டில் சிக்கெடுத்து விரித்த அந்தக் காலத்துப் பஞ்சு அப்படி நிற்காது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசையாவது தைக்காவிட்டால் முதல் துவைப்பிலேயே உருண்டு மூலையில் சேர்ந்துகொள்ளும். பழைய குவில்ட்டுகளில் தையல் அவ்வளவு நெருக்கமாக ஓடுவதற்கு முதல் காரணம் இதுதான். அழகு பிறகு வந்தது. ஓர் ஆள் படுக்கும் போர்வை முழுவதும் அங்குலத்துக்கு எட்டுத் தையல் வீதம், இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசை. எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊசி பிடித்தவர்களுக்குத் தெரியும். வேறு வேலையெல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் மாலைகள் மட்டும்தான் அதற்கு. ஒரு குளிர்காலம் முழுவதும் போகும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேற்கே போனவர்களின் பயணக் கதைகளைப் படிக்க வேண்டும். 1840களின் தொடக்கத்திலிருந்து, கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை 1869இல் முடியும்வரை, மூன்று லட்சம் பேருக்கு மேல் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து மாட்டு வண்டிகளில் மேற்கே போனார்கள். ஒரிகானுக்கு ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நான்கு முதல் ஆறு மாதம். வண்டியின் பெட்டி பத்தடி நீளம், நாலடி அகலம். அதற்குள் மாவு, உப்பிட்ட பன்றிக்கறி, விதை, கலப்பை, பிள்ளைகள். ராணுவ அதிகாரியான ராண்டால்ஃப் மார்சி 1859இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், ஆளுக்கு இரண்டு கம்பளி, பஞ்சு வைத்த போர்வை ஒன்று, தலையணை ஒன்று, தரையில் விரிக்க ஈரம் ஏறாத கித்தான் ஒன்று என்று படுக்கைக்குக் கணக்குச் சொல்கிறார். பகலில் அதே போர்வைகள் பீங்கானைச் சுற்றின, பலகை இருக்கையில் மெத்தையாயின, புழுதிக் காற்றுக்குத் திரையாயின.

பிறகு காலரா. 1849 முதல் 1852 வரை பிளாட் ஆற்றின் ஓரம் அது கொன்றுகொண்டே போனது. காலையில் நன்றாக இருந்தவர் அந்தி சாய்வதற்குள் போய்விடுவார். மரமே இல்லாத சமவெளி. சவப்பெட்டிக்குப் பலகை கிடைக்காது. அதனால் போர்வையில் சுற்றிப் புதைத்தார்கள். ஓநாய் தோண்டிவிடாமல் இருக்க, புதைகுழியின் மேலேயே வண்டிகளை ஓட்டித் தடயத்தை அழித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து தேடினாலும் அந்த இடம் கிடைக்காது என்று தெரிந்துதான் தாய்மார்கள் வண்டியில் ஏறினார்கள்.

இதைக் கைத்தொழில்காரியாக யோசித்துப் பார்க்கிறேன். முன்னால் இருப்பது மலை. மலைக்கு அப்பால் குளிர்காலம். இருப்பது நான்கு போர்வை, படுக்க உயிரோடு ஆறு பேர். அதில் ஒன்றை இறந்த பிள்ளைக்குக் கொடுப்பது சிக்கனப் புத்திக்கு ஒவ்வாது. ஆனாலும் கொடுத்தார்கள், பல சமயம் இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்தார்கள். உடல் உயிர்த்தெழும் என்று நம்பியவர்கள் அவர்கள். எழுந்திருக்கப்போகிற பிள்ளையை வெறும் மண்ணில் எப்படிப் படுக்க வைப்பது? அந்த நம்பிக்கை வாய்வார்த்தை இல்லை என்பதற்கு ஒரு குளிர்காலத்து உழைப்பையும் வரப்போகும் குளிர்காலத்தின் கதகதப்பையும் சேர்த்துக் குழிக்குள் வைத்த அந்தக் கைகளைத் தவிர வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

அந்தக் குழிகளில் பெயர் தெரிந்தவை மிகக் குறைவு. நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், ஸ்காட்ஸ்பிளஃப் அருகே ஒன்று இருக்கிறது. ரெபெக்கா விண்டர்ஸ், மார்மன் சபையைச் சேர்ந்தவர், 1852 ஆகஸ்டில் காலராவில் இறந்தார். உடன் வந்த வில்லியம் ரெனால்ட்ஸ் என்பவர் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அவர் பெயரையும் வயது 50 என்பதையும் உளியால் வெட்டி நட்டு வைத்தார். 1899இல் ரயில் பாதைக்கு அளவெடுத்தவர்கள் அந்த இரும்பைக் கண்டு பாதையையே சற்று விலக்கிப் போட்டார்கள். நான் அங்கே போனபோது தண்டவாளம் பக்கத்தில்தான் இருந்தது. சரக்கு வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவில் என் ஊர். மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் 1820களில் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் வருமானத்தில் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண்கள் உண்டு. அம்மாவைப் பெற்ற ஆச்சி லேஸ் தலையணை முன்னால் உட்கார்ந்தால் உதடு அசைந்துகொண்டே இருக்கும். கணக்கா, ஜெபமா என்று கேட்டால் இரண்டும்தான் என்பார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, லிங்கனில் சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குவில்ட் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த முதிய பெண்களைப் பார்த்ததும் எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை. அவர்களில் பலர் இந்தப் புல்வெளியில் குடியேறியவர்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள். கைத்தையலை அவர்களிடம்தான் கற்றேன்.

குவில்ட் தைக்கும்போது வலது கையில் ஊசி, நடுவிரலில் திம்பிள். இடது கை சட்டத்துக்கு அடியில். ஊசி மூன்று அடுக்கையும் தாண்டிவிட்டதா என்பதை அடியில் இருக்கும் விரல்நுனியில் படும் குத்தை வைத்துத்தான் அறிய முடியும். கண்ணுக்குத் தெரியாது. படவில்லை என்றால் தையல் விழவில்லை. நாலைந்து தையலை ஊசியில் ஏற்றி, பிறகு நூலை இழுக்க வேண்டும். இழுக்கும் அந்த நேரம் ஒரு மூச்சு. மறுபடி நாலைந்து தையல், மறுபடி ஒரு மூச்சு. இந்தத் தாளத்தில் மனம் தானாக அடங்கிவிடுகிறது. நான் ஒரு வரிசைக்கு ஒருவர் என்று பெயர் வைத்துக்கொள்வேன். அந்த வரிசை முடியும்வரை அவருக்காகத்தான். வார்த்தைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், வரிசை தீராது. வார்த்தை தீர்ந்த பிறகும் அந்த ஆளோடு இருக்க வேண்டியிருக்கிறதே, அந்த இடத்தில்தான் ஜெபம் தொடங்குகிறது என்பது என் அனுபவம். முழங்காலில் நின்று செய்யும் ஜெபத்தில் எனக்கு இது வாய்த்ததில்லை.

பெயர்கள் என்றதும் நினைவுக்கு வருவது, 1840களில் பரவிய கையெழுத்துக் குவில்ட்டுகள். மேற்கே போகிற பெண்ணுக்கு உறவும் தோழிகளும் ஆளுக்கொரு துண்டு தைத்து, அதில் மையால் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். துணியை அரிக்காத மை அப்போது கடைக்கு வந்துவிட்டது. எழுதியவர்களை இனிப் பார்க்கப்போவதில்லை என்பது வாங்குகிறவளுக்கும் தெரியும். அவள் இரவில் அதைப் போர்த்திக்கொள்ளும்போது அது ஜெபத்துக்கான பட்டியலாகவும் இருந்திருக்கும். போர்த்தப் போர்த்தப் பெயர்கள் தேய்ந்திருக்கும். தேய்ந்தாலும் விரலுக்கு எந்த மூலையில் யார் என்று தெரிந்திருக்கும்.

மார்மன் சபையாரின் வரலாற்றில் இந்த ஊசி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் ஆலயம் கட்டும் வேலையாட்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்க, மார்கரெட் குக் என்ற தையல்காரப் பெண்ணும் சாரா கிம்பல் என்ற வீட்டம்மாவும் சேர்ந்து யோசித்ததில் தொடங்கி, 1842 மார்ச்சில் பெண்களின் நிவாரணச் சங்கமாக ஆனது அது. 1846இல் அவர்கள் அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய உபதேசத்தில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. ஆனால் 1856இல் நடந்ததைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் கையில் இருக்கும் துணியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மாடும் வண்டியும் வாங்கப் பணமில்லாத ஐரோப்பிய ஏழைகள், தள்ளுவண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு நடந்த ஆண்டு அது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. வில்லி குழு, மார்ட்டின் குழு என்ற இரண்டும் மிகத் தாமதமாகப் புறப்பட்டன. ஆகஸ்டில், இன்று ஒமாஹாவின் பகுதியாக இருக்கும் ஃபுளோரன்ஸில், வில்லி குழுவில் இருந்த லீவை சாவேஜ் என்பவர், இந்தப் பருவத்தில் போனால் முதியவர்களும் பிள்ளைகளும் சாவார்கள் என்று கண்ணீரோடு எச்சரித்தார். கர்த்தர் பனியைத் தடுப்பார் என்று மற்றவர்கள் வாக்களித்தார்கள். அவர் தோற்றார். தோற்ற பிறகு, நானும் உங்களோடு வருகிறேன், நீங்கள் படுவதை நானும் படுகிறேன் என்று அவர்களோடு நடந்தார். பனி நிற்கும் என்று சொன்னவர்களின் விசுவாசத்தைவிட இவருடைய விசுவாசம் பெரிது என்று நினைக்கிறேன். பருவம் பார்த்து விதைக்கச் சொல்லும் வேதத்தைத்தான் அவரும் படித்தார்.

மார்ட்டின் குழு அக்டோபர் நடுவில் டீர் கிரீக் என்ற இடத்துக்கு வந்தபோது இழுக்கத் தெம்பில்லை. சாமானைப் பெரியவர்களுக்கு 10 பவுண்டாகக் குறைக்கச் சொன்னார்கள். 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. கம்பளி வைத்த ஒரு நல்ல குவில்ட் மட்டும் இரண்டரை, மூன்று கிலோ வரும். போர்வைகளையும் துணிகளையும் குவித்து எரித்தார்கள். எரித்த இரண்டாம் நாள், அக்டோபர் 19 அன்று, வட பிளாட் ஆற்றைக் கடைசியாகக் கடந்தபோது பனிப்புயல் பிடித்தது. இரண்டு குழுக்களிலும் சேர்த்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நெருப்பைப் பற்றி நினைக்காமல் இருக்க எனக்கு முடிவதில்லை. எரிந்தவற்றில் யாரோ லிவர்பூலில் கப்பல் ஏறுவதற்கு முன் பெயர் சொல்லித் தைத்தவை எத்தனை இருந்திருக்கும்!

அதே அக்டோபர் 5 அன்று, சால்ட் லேக்கில் முந்தின நாள் செய்தி கிடைத்திருந்ததால், சபைத் தலைவர் பிரிகம் யங் பிரசங்கத்தை விட்டுவிட்டு, போய் அவர்களைக் கொண்டுவாருங்கள் என்றார். அங்கே இருந்த பெண்கள் உள்பாவாடை, காலுறை என்று கழற்ற முடிந்ததையெல்லாம் அந்தக் கூடத்திலேயே கழற்றி வண்டிகளில் போட்டார்கள் என்று லூசி மெசர்வ் ஸ்மித் எழுதி வைத்திருக்கிறார். அவர் புரோவோ நகர நிவாரணச் சங்கத்தின் தலைவி. சங்கத்தில் பணமில்லை; ஆனால் முதல் கூட்டத்திலேயே சேர்ந்த படுக்கைகளையும் உடைகளையும் நான்கு பிஷப்புகள் தூக்குவதே பெரும்பாடாக இருந்தது என்கிறார். இப்படி அவசரத்துக்குச் செய்யும்போது நெருக்கமாகத் தைக்க நேரமிருக்காது. மூன்று அடுக்கையும் விரித்து, கம்பளி நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவதுதான் வழி. எங்கள் குழுவில் நிவாரணத்துக்கு அனுப்பும் போர்வைகளை இன்றும் அப்படித்தான் கட்டுகிறோம். கலைப்பொருளாக யாரும் சேகரிக்கமாட்டார்கள். குளிரைத் தாங்கும், அதுதான் தேவை.

அடுத்த ஆண்டே, 1857இல், சால்ட் லேக் நகரின் பதினான்காம் வார்டுப் பெண்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்து, பெயரிட்டு, ஒரு குவில்ட் செய்து குலுக்கலில் விட்டார்கள். வென்றவன் ரிச்சர்ட் ஹார்ன் என்ற சிறுவன். பிற்காலத்தில் அவர் தன் இரண்டு மகள்களுக்கும் பங்கு வரட்டும் என்று அதை இரண்டாக வெட்டிக் கொடுத்தார். அருங்காட்சியகக்காரர்கள் பதறுவார்கள். எனக்குப் பதற்றமில்லை. இரண்டு வீட்டில் இரண்டு பேர் போர்த்த வேண்டும் என்றால் வெட்டத்தானே வேண்டும்.

குடியேறிகளின் ஞாயிற்றுக்கிழமைகள் பற்றித் தையல்காரப் பெண்கள் அதிகம் பேச வேண்டும். பல குழுக்கள் புறப்படும்போது ஓய்வுநாளை ஆசரிப்போம் என்று எழுதி ஒப்புக்கொண்டன. புல்லும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அந்த ஒப்பந்தம் தானாகவே உடைந்தது. நின்ற ஞாயிறுகளிலும் நின்றவை ஆண்களின் வேலையும் மாடுகளின் வேலையும்தான். ஆறு நாள் ஓடும் வண்டியில் துவைக்கவோ, ரொட்டி சுடவோ, கிழிந்ததைத் தைக்கவோ பெண்களுக்கு நேரமேது? எல்லாம் ஞாயிறுக்கு ஒத்திப்போட்டவை. ஓய்வுநாளை மீறுகிறோமே என்ற உறுத்தலைப் பல பெண்கள் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். ஊரில் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அந்த விதி உண்டு. ஆச்சி சனி இரவே லேஸ் தலையணையை மூடி வைத்துவிடுவார். ஆனாலும் பிளாட் ஆற்றங்கரையில் கிழிந்த கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டபடி, தான் தேவனை விட்டு விலகிவிட்டோமோ என்று கலங்கிய அந்தப் பெண் விலகவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கலக்கமே அவள் செய்த ஆராதனை.

குவில்ட்டும் விசுவாசமும் என்றதும் பலரும் முதலில் எடுப்பது கட்டங்களின் பெயர்களை. யாக்கோபின் ஏணி, யோபுவின் கண்ணீர், முட்கிரீடம், பெத்லகேம் நட்சத்திரம். அலையும் கால் என்று ஒரு கட்டம். அதன் கீழ் பையனைப் படுக்க வைத்தால் மேற்கே ஓடிப்போவான் என்று தாய்மார்கள் பயந்தார்கள் என்பார்கள். ரூத் ஃபின்லி 1929இல் எழுதிய நூல் இத்தகைய கதைகளால் நிறைந்தது. நானும் ரசித்துப் படித்தேன். ஆனால் இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை அச்சில் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான். வண்டியில் போனவள் தன் கட்டத்தை என்ன பெயரில் அழைத்தாள் என்பதற்கு அநேகமாக ஆதாரம் கிடையாது. அதேபோல, தேவன் ஒருவரே குறைவற்றவர் என்பதால் பெண்கள் வேண்டுமென்றே ஒரு துண்டைத் தவறாகத் தைப்பார்கள் என்று ஒரு கதை. குவில்ட் வரலாற்றாய்வாளர்கள் தேடிப் பார்த்தும் அந்தக் காலத்து எழுத்து எதிலும் அது அகப்படவில்லை. எனக்கு அந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. வேண்டுமென்றே ஒரு பிழை வைக்கிறேன் என்று சொல்வதில், மற்றதெல்லாம் பிழையில்லை என்ற பெருமை ஒளிந்திருக்கிறது. மாட்டுச் சாண நெருப்பின் வெளிச்சத்தில் தைத்தவளுக்குப் பிழையைத் தேடிப் போய் வைக்கவா நேரமிருந்தது?

துணியே சொல்லும் சான்றுகளை நான் அதிகம் நம்புகிறேன். பழைய குவில்ட்டுகளில் பழுப்பும் கறுப்புமான துண்டுகள்தான் முதலில் உதிரும். அந்தச் சாயம் பிடிக்க இரும்பு உப்பைச் சேர்த்தார்கள், அது பருத்தியை உள்ளிருந்து தின்றுவிடும். அப்படி உதிர்ந்த இடத்தில் வேறொரு காலத்துத் துணியை வைத்து, வேறொரு கை ஒட்டுப் போட்டிருக்கும். தாயின் தையல் சிறியது, மகளின் தையல் நீளமானது. அல்லது ஒரே பெண்ணின் கை, நாற்பது ஆண்டு கழித்து, கண் மங்கிய பிறகு. வரிசை கோணினாலும் ஊசி கீழ்வரை போயிருக்கும். புரட்டிப் பார்த்தால் தெரியும்.

வண்டிகளுக்குப் பிறகு வந்தது நிலத்தில் நிலைத்தவர்களின் பாடு. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் நிலம், ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்டால் சொந்தம். மரமில்லாததால் புல்வேரோடு மண்ணைப் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். கூரையிலிருந்து மண்ணும் பாம்பும் விழும். அடியில் துணி கட்டுவார்கள். 1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் இறங்கின. சூரியனை மறைத்த கூட்டம் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெண்கள் வீட்டுக்குள் ஓடிப்போய்க் குவில்ட்டுகளை எடுத்துவந்து காய்கறிப் பாத்திகள்மேல் விரித்தார்கள். வெட்டுக்கிளிகள் குவில்ட்டைத் தின்றுவிட்டுப் பாத்தியையும் தின்றன. வியர்வை உப்பு ஊறிய கலப்பைக் கைப்பிடியைக்கூட விடவில்லை.

மூன்றாண்டுக்குப் பிறகும் மினசோட்டாவில் அது ஓயவில்லை. ஆளுநர் ஜான் பில்ஸ்பரி 1877 ஏப்ரல் 26ஐ உபவாச ஜெப நாளாக அறிவித்தார். கடைகள் மூடின. கோல்ட் ஸ்பிரிங் ஊர் கத்தோலிக்கர்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு குன்றின்மேல் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். அந்தக் கோடையில் வெட்டுக்கிளிகள் கிளம்பிப் போயின. 1902க்குப் பிறகு அந்த இனத்தை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. மலை ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அவை முட்டையிட்ட மண்ணைக் குடியேறிகளே உழுது புரட்டியதுதான் காரணம் என்பது பூச்சியியலாளர் ஜெஃப்ரி லாக்வுட்டின் முடிவு. ஜெபித்தவர்களின் கலப்பையே போதுமாக இருந்திருக்கிறது, அவர்களுக்கு அது தெரியாமலே. இதில் நான் தேவனைக் குறைத்துப் பார்க்கவில்லை. பதில் எந்தக் கையால் வருகிறது என்பது கேட்டவருக்கே தெரியாமல் போகலாம் என்பதை எங்கள் குவில்ட் சட்டத்தைச் சுற்றி உட்காரும் பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையிலிருந்தே சொல்வார்கள்.

மண் வீட்டில் வளர்ந்த ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. கிரேஸ் ஸ்னைடர், 1882இல் பிறந்து, மூன்று வயதில் நெப்ராஸ்காவின் கஸ்டர் வட்டத்துக்கு வந்தவர். மாடு மேய்க்கும்போது புல்வெளியில் உட்கார்ந்து துண்டுகளை இணைத்துப் பழகினார். உலகத்திலேயே அழகான குவில்ட்டுகளைத் தைக்க வேண்டும் என்பது அந்தச் சிறுமியின் ஆசை. அறுபது வயதில், ஒரு பீங்கான் தட்டின் பூக்கூடையைப் பார்த்து, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில் ஒரு குவில்ட் தைத்து முடித்தார். அதன் துண்டுகள் சுண்டுவிரல் நகமளவுகூட இல்லை. இது பெட்டிக்குள் இருக்க வேண்டிய குவில்ட்தான், ஒப்புக்கொள்கிறேன். மண் கூரைக்குக் கீழே அவ்வளவு காலம் அடைபட்டிருந்த அழகு ஒருமுறையாவது முழுசாக வெளியே வர வேண்டாமா?

அந்த 160 ஏக்கர் யாருடையது என்ற கேள்வியை விட்டுவிட்டு விசுவாசம் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். குடியேறிகள் ஜெபித்துக்கொண்டே போன பாதை லகோட்டா, பாவ்னீ, செயேன் என்ற பூர்வகுடி மக்களின் மண்ணில் போனது. வண்டிகளோடு வந்த காலரா அவர்களையும் கொன்றது. 1880களுக்குள் காட்டெருமைக் கூட்டங்களைச் சுட்டுத் தீர்த்தாயிற்று. அதுவரை லகோட்டா மக்கள் தங்கள் சடங்குகளில் பயன்படுத்தியது, பெயர் சூட்டும்போதும் இறந்தவரை வழியனுப்பும்போதும் போர்த்தியது, எருமைத் தோல் அங்கி. மிஷன்களிலும் அரசு உறைவிடப் பள்ளிகளிலும் அவர்களுடைய பெண்களுக்குக் குவில்ட் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், தங்கள் வழக்கத்துக்கு அவர்களை மாற்றுவதற்காக. அந்தப் பெண்களோ அதே ஊசியால் விடிவெள்ளியைத் தைத்து, எருமைத் தோலின் இடத்தில் வைத்தார்கள். இன்றும் இறுதிச் சடங்கிலும், ஒருவரைக் கௌரவிக்கும்போதும், அந்த நட்சத்திரக் குவில்ட்டைத் தோளில் போர்த்துகிறார்கள். தைத்தவர் வைத்துக்கொள்வதில்லை. கொடுப்பதற்கே தைப்பது.

குடியேறிகளின் பேத்திகள் பெத்லகேம் நட்சத்திரம் என்று சொல்வதும் வெட்டில் அதே குடும்பம்தான். சாய்சதுரத் துண்டுகள், 45 பாகைக் கோணம், எட்டு முனை. கடினமான வேலை. சாய்சதுரத்தின் ஓரம் இழைக்குச் சாய்வாகப் போவதால், கை கொஞ்சம் அழுத்தினாலும் துணி நீண்டுவிடும். நடுவில் எட்டுத் தையல் கூடுமிடத்தில் ஒரு நூல் அளவு பிசகினால் மையம் கூடாரம்போல் எழும்பி நிற்கும். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, வெட்டிய அன்றே தைத்துவிட வேண்டும். நட்சத்திரத்தை எடுத்தால் எங்கள் குழு ஒரு நாள் முழுவதும் வேறு எதையும் தொடாது. அப்போது என் வரிசைகளில் நான் சொல்லும் பெயர்களில் ரெபெக்கா விண்டர்ஸ் உண்டு, லீவை சாவேஜ் உண்டு, உறைவிடப் பள்ளியில் முதல் ஊசியைக் கையில் வாங்கிய பெயர் தெரியாத லகோட்டாச் சிறுமியும் உண்டு. முடித்த நட்சத்திரங்களை நாங்கள் விற்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போகும். துவைக்கத் தயங்க வேண்டாம், வெந்நீர் மட்டும் கூடாது என்று ஒரு சீட்டு வைத்து அனுப்புகிறோம்.